பன்னிரண்டு கிலோ கீபோர்டு

எங்கள் சபையில் யாராவது இறந்துபோனால் எனக்கு ஆள் அனுப்ப மாட்டார்கள். சர்ச் மணி அடிக்கும், அல்லது இப்போது வாட்ஸ்அப்பில் கறுப்புக் கட்டம் போட்ட படம் வரும். நான் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு பாட்டுக்கு வாசிக்கக் கிளம்பிவிடுவேன். கல்யாணத்துக்கு வாசிக்க வேண்டுமென்றால் வீடு தேடி வந்து முறையாகக் கூப்பிட வேண்டும், அதில் கொஞ்சம் குறைந்தாலும் நான் முகத்தைத் தூக்கிக்கொள்வேன். சாவு வீட்டுக்கு மட்டும் ரோஷம் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராகச் சேர்ந்த வருடம் தொடங்கியது, ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

வீட்டு ஜெபத்தில் மூன்று நான்கு ஞானப்பாட்டு பாடுவார்கள். அதில் கடைசிப் பாட்டுதான் முக்கியம். சவப்பெட்டியைத் தூக்கி வாசலைத் தாண்டும்போது அதைத் தொடங்குவார்கள். பாடுகிறவர்கள் எல்லாரும் பெட்டியோடு தெருவுக்குப் போய்விடுவார்கள். நான் மட்டும் காலியான வீட்டுக்குள் உட்கார்ந்து, பெட்டியை ஏற்றிய வண்டியின் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்கும்வரை வாசிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் இறந்தவரை வாசலிலேயே விட்டுவிட்ட மாதிரி என்பார்கள். இது வேதத்தில் எங்கேயும் இல்லை. எங்கள் போதகர் ஐயரிடம் கேட்டால் சிரித்துக்கொள்வார். ஆனாலும் நான் ஒரு தடவைகூட நிறுத்தியதில்லை.

இதற்கென்று என்னிடம் ஒரு மடக்கு ஆர்மோனியம் இருந்தது. காலால் மிதித்து வாசிப்பது, மடக்கினால் சூட்கேஸ் அளவுக்கு வந்துவிடும். தூத்துக்குடிக் காற்று இரும்பு என்று எதையும் விட்டுவைக்காது. ஜன்னல் கம்பியை உதிர்க்கிற உப்பு, உள்ளே இருக்கும் சின்னத் திருகாணிகளையா சும்மா விடும்? அது கீச்சிட ஆரம்பித்து, இரண்டு வருடம் ஒட்டுப் போட்டு ஓட்டி, கடைசியில் காற்றே பிடிக்காமல் போய்விட்டது. கீபோர்டு வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தது.

ஆனால் கெட்டுப்போயிருந்தது ஆர்மோனியம் மட்டும் இல்லை. என் விரல்களும்தான். சுகர் வந்து பதினைந்து வருடம். முதலில் பாதம் மரத்தது, அதை எல்லாரிடமும் சொன்னேன். பிறகு விரல் நுனிகள் மரத்தன, அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் குக்கர் மூடியைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பார்க்கிறேன், இரண்டு விரலில் கொப்புளம். சுட்டதே தெரியவில்லை. வீட்டுக்காரர் கேட்டதற்கு எண்ணெய் தெறித்தது என்றேன். சர்ச்சில் இருக்கும் கீபோர்டின் கட்டைகள் பிளாஸ்டிக், தொட்டால் இறங்கிவிடும். அதில் விரல் வைத்தால் கட்டையில் இருக்கிறதா காற்றில் இருக்கிறதா என்று எனக்குப் புரியாது. கண்ணால் பார்த்துப் பார்த்து வாசித்தேன். அறுபது வயதுக்கு மேல், படிக்கிற பிள்ளை மாதிரி.

கட்டைகள் கனமாக இருக்கிற கீபோர்டும் உண்டு, பியானோ மாதிரியே அழுத்தி வாசிக்க வேண்டும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னதைக் கேட்டேன். அதுதான் வேண்டும் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றேன். வீட்டுக்காரர் காரணம் கேட்டார். "டச் நல்லா இருக்கும்" என்றேன்.

வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எதைப் பார்த்தாலும் முதலில் எடை எவ்வளவு என்றுதான் கேட்பார். பேத்தி பிறந்ததும் தூக்கிப் பார்த்து மூன்று கிலோ நூறு என்றார், நர்ஸ் சொன்னதற்கு ஐம்பது கிராம்தான் வித்தியாசம். போன வருடத்துக்கு முந்தின வருடம் அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். ஒவ்வொரு கிரேனிலும் இத்தனை டன்னுக்கு மேல் தூக்கக் கூடாது என்று எழுதியிருக்குமாம். டாக்டர் இவர் மேல் ஐந்து கிலோ என்று எழுதி அனுப்பிவிட்டார். தண்ணீர்க் குடத்தை நான் எடுக்கும்போதெல்லாம் மனிதர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

மதுரையில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும், நல்ல வாய். ஒரு பட்டனை அமுக்கினார், டிரம்ஸ் அடித்தது. இன்னொன்றை அமுக்கினார், கூட்டமாகக் கை தட்டினார்கள்.

"அம்மா, எந்த விசேஷத்துக்கும் இது ஒண்ணே போதும். எதுக்காக வாங்குறீங்க?"

"சாவு வீட்டுக்கு" என்றேன்.

கை தட்டலை அவசரமாக நிறுத்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு அவர் உள்ளே இருந்த நீளமான ஒன்றின் மேல் துணியை எடுத்தார். எண்பத்தெட்டு கட்டை. "இதுதாம்மா நீங்க கேட்ட வெயிட்டட் கீஸ்."

இடது கையை வைத்து அழுத்தினேன். கட்டை உடனே இறங்கவில்லை. என்னை எதிர்த்தது. அந்த எதிர்ப்பு நுனியில் தெரியவில்லை, ஆனால் விரல் மூட்டில் தெரிந்தது, மணிக்கட்டில் தெரிந்தது. இறங்கி அடியில் போய் முட்டியதும் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டை முழுதாக வாசித்தேன். ஒரு வருடத்துக்கு மேலாக இல்லாத என் பத்து விரல்களும் திரும்பி வந்துவிட்டன. அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன், கடையாயிற்றே என்று பல்லைக் கடித்தேன்.

"இதோட எடை என்ன?" என்று பின்னாலிருந்து வீட்டுக்காரர் குரல்.

"பன்னெண்டு கிலோ தான் சார். இந்த வகையில இதுதான் லேசு."

"தூக்கிப் பாக்கலாமா?" கடைக்காரர் பதில் சொல்வதற்குள் தூக்கிவிட்டார். இடுப்பு வரை தூக்கி, இரண்டு அடி நடந்து, மெதுவாக இறக்கி வைத்தார். "ஒண்ணும் இல்லளா, பஞ்சு மாதிரி இருக்கு. நான் கொண்டு வந்து வச்சிருவேன்."

அவர் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்த கடை அது. ஒரு கை தானாக நெஞ்சுப் பக்கம் போய், நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சட்டைப் பையைத் தடவுகிற மாதிரி திரும்பியது.

எங்கள் பிள்ளைகள் இருவரும் வெளியூரில். சாவு எந்த நேரத்தில் வரும் என்று யாருக்குத் தெரியும்? ஆட்டோவில் ஏற்றுவதும், சந்துக்குள் நடப்பதும், மாடிப்படி ஏறுவதும் இவர்தான். யாரும் வாங்கப் போனாலும் கொடுக்க மாட்டார். எனக்கு அவ்வளவும் ஒரு நொடியில் கண்ணுக்குத் தெரிந்தது.

"இது வேண்டாங்க" என்றேன். "கட்டை ரொம்பக் கனம், விரல் வலிக்கு. சின்னதே போதும்."

"நீதானேளா கனமா வேணும்னு சொன்ன?"

"வாசிச்சுப் பாத்தாதானே தெரியுது."

ஐந்து கிலோவுக்கும் குறைவான சின்னதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். வழி முழுக்க அவர் அதை மடியிலேயே வைத்திருந்தார். சந்தோஷமாக இருந்தார் என்று சொல்ல முடியாது, ஆனால் நிம்மதியாக இருந்தார். அந்த நிம்மதியைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பின் இரண்டு சாவு வீடுகளுக்கு அதைக் கொண்டுபோய், கண்ணால் பார்த்து எப்படியோ சமாளித்தேன். மூன்றாவது எங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய தலைமையாசிரியை. இருபது வருடம் ஒரே அறையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். கடைசிப் பாட்டு தொடங்கியது, பெட்டியைத் தூக்கினார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அது வரக்கூடாத நேரம், ஏனென்றால் எனக்குக் கண்தானே விரல். கட்டைகள் கலங்கிப்போயின. இரண்டாம் சரணத்தில் ஒரு சுரம் வருகிறது, ஒரு சுரம் வரவில்லை. விழுந்ததா விழவில்லையா என்றும் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரர் வாசலில் ஆண்களோடு நின்றவர் வேகமாக உள்ளே வந்தார். சத்தம் குறைந்துவிட்டது என்று நினைத்தாராம். நேராக வந்து வால்யூமை முழுதாகத் திருகிவிட்டார். விழுந்த சுரங்கள் வீடே அதிரும்படி கேட்டன, விழாத இடங்கள் அதைவிட நன்றாகக் கேட்டன. தெருவில் பாடிக்கொண்டிருந்தவர்கள் தடுமாறினார்கள். இரண்டு பெண்கள் திரும்பி வாசல் வழியாக என்னைப் பார்த்தார்கள். நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஏளா, கரண்டு போச்சா?" என்று குனிந்து கேட்டார்.

"எனக்கு விரல் தெரியலைங்க."

"என்ன சொல்லுத?"

"மரத்துப் போச்சு. தொடுதனா தொடலையான்னே தெரியலை."

"எப்போ இருந்து?"

"ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்."

அவர் என் கையை எடுத்து ஒவ்வொரு நுனியாக அமுக்கிப் பார்த்தார். சாவு வீட்டில் நாற்காலிகளுக்கு நடுவில், வயதான இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறோமே என்ற வெட்கம்கூட எனக்கு வரவில்லை. "அப்போ மதுரைல அந்தப் பெருசுல வாசிச்சியே?"

"அதுல தெரிஞ்சுது."

அவர் கீபோர்டை அணைத்து உறையில் போட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் பென்ஷன் ஆபீசுக்குப் போகிறேன் என்று கிளம்பினார். மதியம் போன் செய்தேன், எடுக்கவில்லை. நாலு மணிக்குக் கேட் பக்கம் ஆட்டோ சத்தம் கேட்டது. ஆட்டோ போய்விட்டது, ஆள் மட்டும் உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு உள்ளே, மதுரைக் கடையின் பெயர் போட்ட நீளமான அட்டைப்பெட்டி மண்ணில் கிடந்தது. அவர் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஆட்டோக்காரன் உள்ள கொண்டு வச்சிருப்பான்லா?"

"கேட்டான். நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"என்னத்துக்கு?"

"தூக்கிப் பாக்கலாம்னு."

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

திட்டுவதற்கு வாய் வரை வந்தது. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை எடுத்து வர ஓடினேன். சற்று நேரம் கழித்து, பழைய போர்வை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். பெட்டியை அதன் மேல் புரட்டி, முனையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குச் சொன்னார். நான் இழுத்தேன். கேட்டிலிருந்து முன்னறைக்கு இருபது அடி இருக்கும். கப்பலில் இருந்து எத்தனையோ ஆயிரம் டன் இறக்கிய மனிதர் அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து வந்தார்.

"எப்படி இதை வெளிய கொண்டுபோக?" என்று கேட்டேன்.

"இது வெளிய எங்கயும் போகாதுளா."

"அப்போ என்னத்துக்கு வாங்குனிய?"

பெட்டியின் மூலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். "நேத்து நீ நிப்பாட்டுன பிறகுதான் வண்டிக் கதவு சாத்துன சத்தம் கேட்டுது. நீ கவனிக்கலை. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. என்னயத் தூக்கும்போது பாட்டு அப்படி நிக்கக் கூடாதுளா."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "நான் முந்திப் போனா?" என்றேன்.

"நீ முந்தக் கூடாது" என்றார், ஏதோ பஸ் க்யூவில் சொல்வது மாதிரி.

சின்னக் கீபோர்டை ஞாயிறு பள்ளிக்குக் கொடுத்துவிட்டோம். சாவு வீடுகளில் இப்போது போனில் பாட்டைப் போட்டு ஸ்பீக்கரில் விடுகிறார்கள். அது யாருக்காகவும் காத்திருப்பதில்லை, வண்டிக் கதவு சாத்துவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. நான் பெண்களோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். மரத்தல் நுனியில் நிற்காது, மேலே ஏறும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூட்டு வரை வந்துவிட்டால் பன்னிரண்டு கிலோவும் எனக்குத் தெரியாது. இதை நான் அவரிடம் சொல்லிவிட்டேன், இனி மறைப்பதாக இல்லை.

தினமும் காலையில் அவர் மீன் வாங்கப் போகும் நேரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தக் கடைசிப் பாட்டை வாசிக்கிறேன். சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்கும் என்று நினைத்திருந்தேன். கனமான கட்டையாயிற்றே, ஒவ்வொன்றும் அடியில் போய் முட்டுகிற சத்தம் வெளியே கேட்குமாம். எதிர்வீட்டு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் மீன் பையோடு வந்து, அந்தச் சத்தத்தைக் கேட்டு, உள்ளே வராமல் கேட்டிலேயே நிற்கிறாராம். நான் கடைசி வரிக்கு முன்னால் நிறுத்திவிடுவேன், முடித்தால் அவரை இப்போதே அனுப்பிவிட்ட மாதிரி இருக்கும், என்னால் முடியவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் வருமோ என்று நின்று பார்த்துவிட்டு, பிறகுதான் கேட்டைத் திறக்கிறார்.