பரவால்ல என்றால் ஏழு

ஞாயிற்றுக்கிழமை காலையில் பற்பசை வாசனை குளியலறையிலிருந்து வந்தால் நியாயம். கார் நிறுத்துமிடத்திலிருந்து வந்தால், எதிர்வீட்டு கணேஷ் ஏதோ செய்கிறான் என்று அர்த்தம். ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்திலுள்ள கார் நிறுத்துமிடத்தின் கீழ்த்தளத்தில், அரைக்கால் சட்டையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் பழைய காரின் முன்விளக்குகளுக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் பூத்த கண்ணாடியைப் பற்பசை வெளுக்கும் என்று எங்கேயோ வீடியோ பார்த்திருக்கிறான். கண்ணாடி என்றா சொன்னேன்? அது பிளாஸ்டிக். இதைத் திருத்தாமல் அடுத்த வரிக்குப் போக என்னால் முடியாது, மன்னியுங்கள்.

மார்க்கெட் பையோடு அவனைத் தாண்டிப் போனவள் நின்றுவிட்டேன். விளக்கின் வெளி ஓரத்தில், கண்ணின் கடைக்கோடி போல ஒரு சின்ன மடிப்பு. அது என் வேலை. அந்த விளக்கையே நான்தான் வடிவமைத்தேன் என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொள்வதுண்டு. உண்மையில் மடிப்பு மட்டும்தான். பத்து வருடத்தில் கார்களைக் கழித்துக்கட்டிவிடும் இந்த ஊரில், இவன் கார் வைத்திருப்பதற்கான சிஓஇ உரிமத்தைப் பணம் கட்டிப் புதுப்பித்து என் மடிப்பை உயிரோடு வைத்திருந்தான். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தப் புதினா வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு ஞாபகம் வந்தது தைலம். தைலம் என்றால் தனபால் அண்ணன்.

கிளமெண்டிப் பக்கம் படிப்பை முடித்த கையோடு எனக்கு அந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தது. கார் முன்விளக்கு வடிவமைக்கும் கம்பெனி. ஒரே விளக்கு இரண்டு பேரைத் திருப்திப்படுத்த வேண்டும். ஓட்டுகிறவருக்குச் சாலை தெரிய வேண்டும். எதிரே வருகிறவருக்குக் கண் கூசக் கூடாது. முன்னவர் கார் வாங்குகிறவர், பின்னவர் யாரோ. விளக்கு யார் பக்கம் சாயும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சத்தின் மேல்விளிம்பைக் கத்தரித்து எதிராளியின் முகத்துக்குக் கீழேயே நிறுத்த வேண்டும், நடைபாதைப் பக்கம் மட்டும் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும். வெளிச்சத்துக்கு முடிவெட்டுகிற வேலை என்று அம்மாவிடம் விளக்கினேன். அம்மா அதை அப்படியே உறவுக்காரர்களிடம் சொல்ல, நான் சலூனில் சேர்ந்துவிட்டதாகக் கொஞ்ச காலம் பேச்சு இருந்தது.

வெட்டிய முடி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அடித்தளத்தில் ஒரு நீளமான இருட்டறை. சுவர், கூரை, தரை எல்லாம் கறுப்பு. பட்டப்பகலில் உள்ளே போனாலும் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. ஒரு கோடியில் விளக்கு, மறுகோடியில் பழைய காரிலிருந்து கழற்றிய ஓட்டுநர் இருக்கை. அதில் ஓர் ஆளை உட்காரவைத்து, விளக்கைப் போட்டு, கூச்சம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். ஒன்பது என்றால் கூச்சமே இல்லை. ஒன்று என்றால் தாங்கவே முடியாது. ஏழு என்றால் திருப்தி. உட்கார வெளியாள் கிடையாது. கம்பெனியில் யார் சும்மா இருக்கிறாரோ அவர்தான்.

கேட்டால் ஒருவராவது எண்ணைச் சொல்ல வேண்டுமே! கேன்டீன் சீனத்து ஆன்ட்டி, கண்ணீரைத் துடைத்தபடி, "கேன் தாஹான் லா" என்பார். பொறுத்துக்கொள்ளலாம் என்று பொருள். ஸ்டோர் கீப்பர் அஹ்மத், "ஓகே லா". தமிழர்கள் அத்தனை பேரும், "பரவால்ல". நம் ஊர்க்காரர்களுக்குக் கண் கூசும். கூசுகிறது என்று சொல்லத்தான் கூசும். அந்தப் பரவால்லவுக்குள் நன்றாயிருக்கிறது, மோசமாயிருக்கிறது, என்னை விடுங்கள் எல்லாமே அடக்கம். அதற்கு என்ன எண் எழுதுவது என்று முதல் வாரமே எங்கள் மேலாளர் அமல்ராஜிடம் கேட்டேன்.

"பரவால்லன்னா ஏழு. தாஹானும் ஏழு. இதுக்கெல்லாமா டிக்‌ஷனரி பாப்பாங்க?" என்றார்.

அமல்ராஜ் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவர். தேன் குரல். யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. தன்னைவிட மூத்தவர்களை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அந்த அண்ணேயைக் கேட்டால் எனக்கு முதுகு சில்லிடும்.

தனபால் அண்ணன் கம்பெனி வேன் ஓட்டுநர். ஐம்பதைத் தாண்டியவர். பெருமை பேசினால் நிறுத்தமாட்டார். "இந்தத் தீவுல எனக்குத் தெரியாத ரோடு இல்ல", "நான் கண்ண மூடிக்கிட்டே துவாஸ் கோடிக்கே போவேன்" - இந்த இரண்டாவது பெருமை பாதி உண்மை என்று பிறகுதான் தெரிந்தது. நெற்றிப் பொட்டில் தைலத்தைப் பூசிக்கொண்டுதான் இருட்டறைக்குள் வருவார். அவர் எழுந்துபோன பிறகும் அந்த இருக்கையில் தைலம் மணக்கும். எந்த விளக்கைப் போட்டாலும், எவ்வளவு கூர்மையாகப் போட்டாலும், நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி கைகளைத் தொடையில் வைத்து, "பரவால்ல!" என்பார். குரலில் ஒரு வெற்றி இருக்கும்.

அந்த வெற்றிதான் எனக்கு இடித்தது. ஒருநாள் கேட்டேன், "அண்ணே, உண்மையாவே கூசலையா?"

"கூசினா என்ன பண்ணுவீங்க? எழுதிருவீங்கள்ல?"

அப்போதுதான் புரிந்தது. அவர் அதைத் தன் கண்ணுக்கு வைக்கிற பரீட்சை என்று நினைத்துக்கொண்டிருந்தார். தோற்றால் வேன் சாவி போய்விடும் என்ற பயம். நம் ஊரில் ஒருவரை உட்காரவைத்து எதிரே ஒருவர் பேனாவோடு நின்றால், அது பரீட்சைதான். நான்கு வயதிலிருந்து அப்படித்தானே பழக்கியிருக்கிறோம். "அண்ணே, டெஸ்ட் உங்களுக்கு இல்ல, வெளக்குக்கு" என்றேன்.

"அப்படியா? எழுதும்போது என் மூஞ்சியத்தான பாக்குறீங்க. வெளக்கையா பாக்குறீங்க?"

பொறியியல் படித்தவள் நான். பேனாவை மூடிவிட்டு விளக்கைத் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த கட்டச் சோதனையில் ஒரு பொம்மையும் சேர்ந்தது. சாம்பல் நிறச் சட்டை மாட்டிய ஆளுயரப் பொம்மை. சாலையைக் கடக்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை விளக்குக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டியில் நிறுத்துவோம். கூச்சத்தையும் மீறி ஆள் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒருநாள் யாரோ பொம்மையை வைக்க மறந்துவிட்டார்கள். காலி வண்டி மட்டும் நின்றது.

"ஆள் தெரியுதாண்ணே?" என்று அமல்ராஜ் கேட்டார்.

"நல்லாத் தெரியுது சார்."

அமல்ராஜின் பார்வை காலி வண்டிக்குப் போனது. பிறகு அந்தத் தேன் குரல் இன்னும் இனிப்பாக, "என்ன சட்டை போட்டிருக்காருண்ணே?"

"வெள்ளை மாதிரி... இல்ல, கொஞ்சம் க்ரே."

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து அது ஒரு விளையாட்டு. தேநீர் இடைவேளையில் நான்கைந்து பேர் கூடிவிடுவார்கள். காலி வண்டியை வைத்துக்கொண்டு, "அண்ணே, மீசை இருக்கா?", "அண்ணே, பொம்பளையா ஆம்பளையா?" அவர் ஒவ்வொன்றுக்கும் கவனமாக, பாவம், யோசித்து யோசித்துப் பதில் சொல்வார். சரியாகச் சொல்லிவிட்டதாக நினைத்துச் சிரிப்பார். அவர் சிரித்ததும் இவர்களுக்கு இன்னும் அடக்க முடியாது. எனக்கு அந்த முகங்களை ஒவ்வொன்றாக அறைய வேண்டும்போல இருக்கும்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். அவர் கையில் வேன் சாவி இருந்திருக்கவே கூடாது. கண்ணில் புரை விழுந்திருந்தது. சாதாரண வெளிச்சத்தில் சமாளித்துவிடுவார். எதிரே விளக்கு வந்தால் வெறும் வெள்ளைப் புகை. பள்ளிக்கூட வாசல்களைத் தாண்டி ஓடுகிற வேன் அது. காலி வண்டியில் ஆளைப் பார்த்த அன்றே அமல்ராஜ் சாவியை வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. அவருக்கு வேன் முக்கியமில்லை, பரவால்லதான் முக்கியம். எங்கள் விளக்கு, அதாவது கணேஷ் பற்பசை போட்ட அதே விளக்கு, உண்மையில் கூசுகிற விளக்கு. மற்றவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு பாதியில் எழுந்த நாட்களில் ஒன்று, இரண்டுதான் எழுத முடியும்; அப்போதும் அது தேறுகிற அளவுக்குச் சராசரியைத் தூக்கிப் பிடித்திருந்தவர் தனபால் அண்ணன்.

கார் கம்பெனியிலிருந்து இரண்டு வெள்ளைக்காரர்கள் சோதனையை நேரில் பார்க்க வருவதாக இருந்தது. முந்தின நாள் மத்தியானம் நான் அண்ணனைத் தனியாகப் பிடித்தேன். அவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். காலி வண்டி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். குழாயை மூடினார்.

"அப்ப எல்லாரும் சிரிச்சது..."

"ஆமாண்ணே. நாளைக்குக் கூசினா கூசுதுன்னு சொல்லுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. டெஸ்ட் வெளக்குக்குத்தான்."

"நீங்க சொல்றீங்க. நம்புறேன் தங்கச்சி" என்றார்.

மறுநாள் வந்தவர்கள் இருவரும் அறையின் ஓரத்தில் நின்றார்கள். அமல்ராஜ் தன் சிறந்த ஆளைத்தான் உட்காரவைத்திருந்தார். விளக்கு எரிந்தது. தைல வாசனை வந்தது. "எப்படிண்ணே?"

"கூசுது சார். ஒண்ணுமே தெரியல. ரொம்ப நாளாவே தெரியல."

வந்தவர்களில் ஒருவர், என்ன சொல்கிறார் என்று கேட்டார். அமல்ராஜ் கண் இமைக்காமல், திருப்தி என்கிறார், ஏழு என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் குறுக்கே பேசினேன். இல்லை, தாங்க முடியவில்லை என்கிறார், அது ஒன்று என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. அமல்ராஜ் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வருத்தமான முகத்தோடு அவர்களிடம் சொன்னார், மன்னிக்கவும், இவருக்குக் கண்ணில் கோளாறு என்று சந்தேகம் இருந்தது, இப்போது உறுதியாகிவிட்டது. இவர் இங்கே என்ன வேலை பார்க்கிறார் என்று இன்னொருவர் கேட்டார். ஓட்டுநர் என்றதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதுகாப்பில் அவர்கள் ரொம்பக் கண்டிப்பு.

மத்தியானத்துக்குள் சாவி மேசைக்கு வந்துவிட்டது. "ஹெல்த்துதான் முக்கியம்ணே. கண்ணப் பாத்துக்கோங்க" என்று தோளில் தட்டி அமல்ராஜ் அனுப்பிவைத்தார்.

இதோடு நின்றிருந்தால், ஆபத்தான ஓட்டுநர் ஒருவர் குறைந்தார் என்று நானும் மனத்தைத் தேற்றியிருப்பேன். மறுநாள், அண்ணன் இதுவரை சொன்ன மதிப்பெண்களை என்ன செய்வது என்று அமல்ராஜிடம் கேட்டேன். கண் பழுது என்றால் அத்தனையையும் நீக்க வேண்டும் அல்லவா?

"நேத்து சொன்னத மட்டும் எடுத்துரு. கண்ணு சரியில்லாதவர் சொன்னது."

"அப்ப பழைய ஏழெல்லாம்?"

"அதெல்லாம் கண்ணு நல்லா இருந்தப்ப சொன்னது."

சொல்லிவிட்டு ஏதோ தோத்திரப் பாட்டை முணுமுணுத்தபடி போனார். விளக்கு தேறியது. ஒரே மனிதருக்கு வேன் ஓட்டக் கண் இல்லை, விளக்கைத் தேற்றக் கண் இருந்தது. நான் அங்கே இன்னும் கொஞ்ச காலம் இருந்து, வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன்.

அண்ணனை அதன்பிறகு ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. நான் மோர் கேட்டதும், இலை எடுத்து மேசை துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னையே உற்றுப் பார்த்தார்.

"குரலக் கேட்டுதான் கண்டுபிடிச்சேன் தங்கச்சி! உங்களுக்கு மூக்குல மச்சம் இருக்கா? இத்தன நாள் எனக்குத் தெரியாதே."

எவ்வளவோ பவுடர் போட்டும் மறையாத மச்சம் அது. அறுவை சிகிச்சை ஆகிவிட்டதாம். இரண்டு கண்ணும் பளிச்சென்று தெரிகிறதாம். டாக்டரின் சான்றோடு கம்பெனிக்குப் போயிருக்கிறார். அமல்ராஜ் எழுந்து நின்று கை கொடுத்து, வேறு ஆளைப் போட்டாயிற்றே அண்ணே என்றாராம். மற்ற இடங்களில் வயதைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் இலையை மடித்தபடி கேட்டார், "அந்த வெளக்கு என்னாச்சு? பாஸா?"

"பாஸ்ணே."

"அப்ப நான் மட்டுந்தான் பெயிலு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ரிசல்ட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஆள்போலத் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். டெஸ்ட் உங்களுக்கு இல்லை என்று நான் சொன்னதை அவர் ஞாபகப்படுத்தவில்லை. அடுத்த தடவை போனபோது அந்தக் கடையே இல்லை, செல்பேசிக் கடை வந்திருந்தது.

இருட்டறையும் இப்போது இல்லையாம். சுவரின் கறுப்பைச் சுரண்டிவிட்டு அட்டைப்பெட்டி அடுக்கியிருப்பதாகக் கேள்வி. இன்றைய விளக்குகளுக்கு உட்கார ஆள் வேண்டாம். கணினிக்குள்ளேயே ஒரு கண்ணைச் செய்து அதையே கேட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கண் பரவால்ல என்று சொல்லாது. வேலை போய்விடுமே என்று பயப்படாது. நல்லதுதான். ஆனாலும் எதிரே வருகிறவரின் இடத்தில் நிஜமாக ஒருவரை உட்காரவைத்து, எப்படி இருக்கிறது என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. பொய்யாகத்தான் எழுதினோம் என்றாலும், கேட்கவாவது செய்தோம்.

"அக்கா, அப்படியே நில்லுங்க!" கணேஷ் பற்பசையைத் துடைத்துவிட்டுக் காருக்குள் ஏறியிருந்தான். அந்த மங்கலான தளத்தில் என் விளக்கு புத்தம் புதிதாக எரிந்தது. மார்க்கெட் பை, என் கை, எதுவும் தெரியவில்லை. வெறும் வெள்ளை.

"எப்படிக்கா? கண்ணு கூசுதா?"

பரவால்ல என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"கூசுது தம்பி. ஒண்ணுமே தெரியல. தாங்க முடியல."

"சூப்பர்கா!" என்றான் வெள்ளைக்குப் பின்னாலிருந்து. "அப்ப நல்லா வேலை செய்யுது."