நேத்துப் பூரா நோம்பிங்க

இந்த ஊரில் என்னைச் சாமி என்று கூப்பிடுகிறார்கள். என் பெயர் காஜா மைதீன். வந்த புதிதில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த ஒரு பெரியவர், "சாமி, சித்த தண்ணி குடு சாமி" என்றார். நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். முருகர் காலண்டர் தொங்கியது. அவரிடம்தான் கேட்கிறார், நமக்கென்ன என்று நின்றேன். பெரியவர் மறுபடி கேட்டார். முருகர் அசையவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அசைய வேண்டியது நான். இங்கே ஊசிக்கு அழுகிற பிள்ளையும் சாமி, ஊசி போடுகிறவரும் சாமி, கூட்டுகிறவரும் சாமி. ஒருநாள் உம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் யாரோ கூப்பிட்டது அவள் காதில் விழுந்துவிட்டது. "ஏலே, யாருல ஒன்னைய சாமிங்கா? அங்க என்னல ஆயிட்டே?" என்று பதறினாள். "ஒண்ணும் ஆகலம்மா, ஸ்ட்ரெச்சர்தான் தள்ளுதேன்" என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

மேலப்பாளையத்தில் இருப்பவர்களுக்கும், என்னைப் போல அங்கிருந்து கிளம்பியவர்களுக்கும் ஒன்று கேட்கிறேன். என் தம்பி துபாயில் இருக்கிறான். அவனைத்தான் ஊரில் வெளிநாட்டுக்காரன் என்கிறீர்கள். அவன் அறையில் இருப்பவர்கள் எல்லாரும் நம்ம தெருக்காரர்கள். காலையில் கண் முழித்தால் "ஏலே" என்றுதான் நாள் தொடங்குகிறது. நான் இருப்பது ராசிபுரம். எனக்கு ஏலே சொல்ல ஆள் இல்லை. யார் வெளிநாட்டில் இருக்கிறார்கள்? நீங்களே சொல்லுங்கள்.

நான் இங்கே வேலை தேடி வரவில்லை. மெத்தை ஏற்றிய லாரியில் சுமை இறக்கும் ஆளாக வந்தேன். புதுச்சத்திரம் பக்கம் லாரி சாய்ந்தது. மெத்தை மேல்தான் விழுந்தேன். கால் உடைந்தது. மெத்தை மேல் விழுந்து கால் உடைந்தவன் என்று என்னைப் பார்க்க மற்ற வார்டிலிருந்தெல்லாம் வந்தார்கள். கால் கூடியதும் மேனேஜர் தங்கவேல் அண்ணன், "இங்கயே இருந்துக்கறீங்களா?" என்று கேட்டார். நோயாளியாக வந்தேன். வேலையாளாக நின்றுவிட்டேன். என்னைப் போட்டுத் தள்ளிய ஸ்ட்ரெச்சரைத்தான் இப்போது நான் தள்ளுகிறேன். அதற்கு வலது பக்கம் இழுக்கிற புத்தி உண்டு. படுத்தவனுக்குத்தான் அது தெரியும்.

பேச்சுதான் பழகவில்லை. ஒரு அம்மா, "எப்பங்க ஊட்டுக்குப் போலாம்?" என்று கேட்டார். வயிற்றில் தையல் பிரிக்கவில்லை, அதற்குள் ஊட்டி கேட்கிறதே என்று நினைத்தேன். "அங்க குளிரும்மா, இப்ப ஆகாது" என்றேன். "ஊட்ல என்ன சாமி குளுரு? ஓட்டு ஊடு, வெக்கையில வேகுது" என்றார். அவர் வீட்டைத்தான் சொன்னார் என்று லிசி சிஸ்டருக்கும் தெரியவில்லை. அவர் கோட்டயத்துக்காரர். ஸ்வெட்டர் இருக்கிறதா என்று கேட்டார்.

போன வருஷம் மேனேஜர் சென்னைக்குப் போய் ஒரு பயிற்சி வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் எல்லாரையும் உட்கார வைத்தார். "மில்லுக்கும் கோழிப்பண்ணைக்கும் ஒடிசாவுல இருந்தெல்லாம் ஆளுங்க வர்றாங்க. அவங்கவுங்க பாஷை, பழக்கம், சாங்கியம் எல்லாம் நாம தெரிஞ்சுக்கோணும். இதுக்குப் பேரு கல்ச்சுரல் காம்பிடென்ஸ்" என்றார். கூட்டிப் பெருக்கும் செல்லாயி அக்கா கை தூக்கினார். "காம்பவுண்டுங்களா?"

"காம்பவுண்டு இல்லீங்க்கா. காம்பிடென்ஸ்."

"அதத்தான் கேக்கறன். எந்தப் பக்கம் கட்டறீங்க?"

மேனேஜர் அதை விட்டுவிட்டார். "நம்ம ஆஸ்பத்திரியில டைவர்சிட்டி இருக்குதான்னு அங்க கேட்டாங்க. இருக்குதுன்னு சொல்லிப்போட்டேன்" என்று என்னைப் பார்த்தார். எங்கே இருக்கிறது, எடுத்துக்கொண்டு வரவா என்று எழுந்தேன். "நீங்கதானுங்க அது" என்றார். லிசி சிஸ்டருக்கு முகம் வாடியது. "அப்போ ஞானோ?" என்றார். "நீங்களுந்தானுங்க சிஸ்டர்" என்று மேனேஜர் சமாதானம் செய்தார். கடைசியில், யாராவது விரதம் என்றோ நோன்பு என்றோ சொன்னால் மதிக்க வேண்டும், சாப்பிடு என்று கட்டாயப்படுத்தக் கூடாது, மருந்து நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டும் என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அன்று மூன்று இட்லி தின்றுவிட்டு வந்திருந்தேன். கூச்சமாக இருந்தது. 'கலாச்சார உதவி' என்று ஒரு பேட்ஜ் கொடுத்தார். சட்டையில் குத்திக்கொண்டேன்.

ஒடிசாக்காரப் பையன்களால் எனக்குச் சிரமம் இல்லை. அவர்கள் வயிற்றைத் தொடுவார்கள், நான் தலையைத் தொட்டுக் காட்டுவேன், இல்லை இல்லை என்பார்கள், மறுபடி வயிறு. மெதுவாக ஓரிடத்தில் சேர்ந்துவிடுவோம். சிரமம் எல்லாம் பெரியண்ணன் வந்தபோதுதான்.

பெரியண்ணன் வெண்ணந்தூர்க்காரர். லாரி டிரைவர். கண்ணில் புரை. எதிரே வருகிற வண்டியின் லைட் எல்லாம் அவருக்குப் பூப்பூவாகத் தெரிந்தது. குளுக்கோஸ் ஏற்றும் கம்பியைப் பார்த்து, "சாமி, பாத்ரூமு எங்கீங்க?" என்று கேட்டார். நான் கொஞ்சம் ஒல்லிதான். லாரி முதலாளி அவரிடம் கறாராகச் சொல்லியிருந்தார். இந்தத் தடவை கண்ணைச் சரி பண்ணாவிட்டால் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று. "அந்த ஸ்டீரிங்க உட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்க சாமி" என்றார் பெரியண்ணன். அவருக்குச் சர்க்கரை வேறு இருந்தது. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, சர்க்கரை அடங்கியிருந்தால்தான் ஆபரேஷன், இல்லாவிட்டால் கிடையாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவர் சென்னைக்காரர். சொன்னால் சொன்னதுதான்.

ரத்தம் கொடுக்க அவர் வந்தது ஆடி மாதம் இரண்டாம் தேதி காலை. வீட்டுக்காரி வயலில் வேலை முடித்துப் பின்னால் வருவதாகச் சொல்லிவிட்டுத் தனியாக வந்திருந்தார். "என்ன அண்ணே, ஏதும் சாப்பிட்டியளா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"நேத்து நோம்பிங்க சாமி."

"நோம்பா?"

"ஆமாங்க. நேத்துப் பூரா நோம்பிங்க. வெடியாலயும் கொஞ்சம் நோம்பிங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் ஆட்களிலேயே ரமலானில் சிலர் டீக்கடைத் திரைக்குப் பின்னால் நிற்பார்கள். நான் நின்றபோது யார் யார் பக்கத்தில் நின்றார்கள் என்று இங்கே எழுதவில்லை. இந்த மனுஷர் சர்க்கரை உடம்போடு ஒரு கண்ணுக்காக நாள் முழுக்க நோன்பு இருந்திருக்கிறார். "உடம்பு தாங்குச்சாண்ணே?" என்றேன்.

"மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சுங்க. அப்பறம் வயிறு பொம்முனு ஆயிப்போச்சு."

"காத்து அடைச்சிருக்கும்."

"அதேதானுங்க."

இருவருக்கும் நன்றாகப் புரிந்தது. லிசி சிஸ்டர், "ஃபாஸ்டிங் ஆணோ?" என்று கேட்டார். "சாதா ஃபாஸ்டிங் இல்ல சிஸ்டர். நேத்துல இருந்து" என்றேன். சிஸ்டர் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஊசியைக் குத்தினார். ரத்தம் எடுத்தாகிவிட்டது. இனி பட்டினி வேண்டாம். என் பையில் பேரீச்சம்பழம் இருந்தது. பேட்ஜை ஒரு முறை தடவிக்கொண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நோம்பு திறங்கண்ணே."

"இதையுமா திங்கோணும்?"

"இதுலதான் திறக்கணும்."

"ஆஸ்பத்திரி சொன்னாச் செரிங்க" என்று கை நிறைய வாங்கித் தின்றார்.

சர்க்கரை எகிறிப்போய் வந்தது. டாக்டரம்மா நம்பவில்லை. பட்டினி கிடந்தவருக்கு இவ்வளவு இருக்காது, மறுபடி எடு என்றார். மறுபடி எடுத்தோம். இன்னும் ஏறியிருந்தது. "மெஷின் மேல டவுட்டா இருக்கு" என்றார். மெஷினைச் சோதிக்க மேனேஜர் விரலை நீட்டினார். அவருக்கும் ஏறி நின்றது. "எனக்குச் சக்கரையே கெடையாதுங்களே!" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. லிசி சிஸ்டருக்கும் சரியாக இருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு ஒழுங்காகவும் உள்ளூர்க்காரர்களுக்குத் தாறுமாறாகவும் காட்டுகிற மெஷினை அன்றுதான் பார்த்தேன்.

டாக்டரம்மா கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். ஒன்றும் சாப்பிடாமலே இவ்வளவு ஏறுகிறது என்றால் உள்ளே வேறு ஏதோ பெரிய கோளாறு, கண் இப்போது முக்கியம் இல்லை, சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள் என்று சீட்டு எழுதினார். பெரியண்ணன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "அப்ப வண்டி போச்சுங்களா?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. அவர் பார்த்த பக்கம் ஜன்னல்தான் இருந்தது. நான் ஸ்ட்ரெச்சர் எடுக்கப் போனேன்.

வாசலில் அவர் வீட்டுக்காரி சரசு அக்கா வந்துகொண்டிருந்தார். கையில் துணிப்பை. என் பேட்ஜைப் பார்த்ததும் நின்று, பையிலிருந்து ஒரு முழுத் தேங்காயை எடுத்தார். கரிக்கட்டையாகக் கறுத்திருந்தது. ஒரு குச்சி அதன் கண்ணில் குத்தியிருந்தது.

"இந்தா சாமி, உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்தாந்தேன். நோம்பித் தேங்கா."

"நோம்புல எதுக்குக்கா தேங்கா?"

"நோம்பிக்குச் சுடாம வேற எப்பச் சுடறது? உள்ள வெல்லம், எள்ளு, பொட்டுக்கல்ல, அவுலு எல்லாம் அடைச்சுச் சுட்டது. என்ற ஊட்டுக்காரரு வெடியால எந்திரிச்சு, ஆரும் பாக்கலீன்னு அடுப்படியில நின்னு ஒரு மூடி தின்னுபோட்டு வந்துட்டாருங்க. கேட்டா, கீத்துதான் தின்னேங்கறாரு."

"நோம்பு அன்னைக்குத் திங்கலாமா?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நோம்பியன்னிக்குத் திங்காம? பட்டினியா கெடப்பாங்க?"

எங்களுக்கு நோம்பு என்றால் வாயைக் கட்டுவது. இவர்களுக்கு நோம்பி என்றால் பண்டிகை, வாயைத் திறப்பது. ஆடி ஒன்று இவர்களுக்குத் தேங்காய் சுடுகிற நோம்பி. இந்தப் பக்கத்துத் தெருவெல்லாம் அன்று தீ மூட்டித் தேங்காய் சுட்டுத் தின்றிருக்கிறது, மேனேஜர் வீடு உட்பட. தேங்காயோடு உள்ளே ஓடினேன். உடைந்து கூடிய கால் அதுவரை அப்படி ஓடியதில்லை.

டாக்டரம்மா தேங்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரியண்ணனைப் பார்த்தார். "என்கிட்ட ஃபாஸ்டிங்னு சொன்னாங்களே?" என்றார். "நோம்பின்னுதானுங்க சொன்னேன்" என்றார் பெரியண்ணன். "தின்னது தப்புன்னுதான் தலையக் குனிஞ்சுட்டே சொன்னனுங்க. அதுக்கு இந்தச் சாமி இன்னும் தின்னுங்கன்னு பழம் குடுத்துச்சு. செரி, கண்ணு வைத்தியம் இப்படித்தான் போலன்னு தின்னேன்." மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "அடக் கெரகமே! எந்த நோம்பின்னு ஒரு வார்த்த கேக்க வேண்டாமுங்களா காஜா?" சொல்லிக்கொண்டே அவருக்கு முகம் தெளிந்தது. அவர் சர்க்கரைக்கும் காரணம் தெரிந்துவிட்டதல்லவா. ஆனால் டாக்டரம்மா அவரையும் மறுநாள் வெறும் வயிற்றோடு வரச் சொல்லிவிட்டார்.

சேலத்துக்கு எழுதிய சீட்டு கிழிந்தது. பெரியண்ணனை அன்று ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தோம். சரசு அக்காவின் பையை மேனேஜர் வாங்கி அலமாரியில் பூட்டினார். மறுநாள் காலையில் மறுபடி ஊசி. எல்லாரும் மெஷினைச் சுற்றி நின்றோம். டாக்டரம்மா போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றது சர்க்கரை. அன்றே ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்தபோது பெரியண்ணன் குளுக்கோஸ் கம்பியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "செரிதானுங்க. வித்தியாசம் தெரியுது" என்றார். மேனேஜருக்கு மட்டும் மறுநாளும் சர்க்கரை இறங்கவில்லை. தேங்காய் மேல் பழி போட இனி வழி இல்லை. அவர் இப்போது காலையில் நடக்கிறார்.

நான் அதிலிருந்து யோசித்தது ஒன்றுதான். தெரியாத பாஷைக்காரனிடம் நூறு தரம் கேட்கிறோம். தெரிந்த பாஷைக்காரனிடம் ஒரு தரம்கூடக் கேட்பதில்லை. மேனேஜரிடம் சொன்னேன். அடுத்த வகுப்பை நீங்களே எடுங்கள் என்றார். முடியாது என்றேன்.

பெரியண்ணன் மறுபடி ஸ்டீரிங் பிடித்துவிட்டார். போன வாரம் நாமக்கல்லில் முட்டை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனார். போகிற வழியில் உம்மாவிடம் கொடுக்கச் சொல்லி ராசிபுரத்து நெய் கொடுத்துவிட்டேன். வீட்டு வாசலில் நின்று போன் போட்டார். ஸ்பீக்கரில் இரண்டு பேர் குரலும் கேட்டது. "இருந்து பசியாறிட்டுப் போங்க" என்றாள் உம்மா. பெரியண்ணன் என்னிடம் ரகசியமாக, "பசி ஆறிப் போச்சுன்னா எப்படிங்க திங்கறது? ஆறறதுக்கு முன்னாலயே போடச் சொல்லுங்க சாமி" என்றார். சாப்பிடத்தான் சொல்கிறாள் என்றேன். "வெவரம் தெரியாம போச்சுங்க, செரிங்க" என்று உட்கார்ந்தார். உம்மா, "இவிய என்னல சொல்லுதாவ?" என்றாள். ஆஸ்பத்திரி நடையில் நின்றுகொண்டு தமிழிலிருந்து தமிழுக்கு மாற்றி மாற்றிச் சொன்னேன். இரண்டு பக்கமும் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

உம்மா போனை வாங்கினாள். "நெய்யி வந்துட்டு. நீ எப்பல வாரே?" என்றாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. "ஏனுங்க, சீக்கிரம் ஸ்ட்ரெச்சரு!" என்று செல்லாயி அக்கா கத்தினார்.

"இதோ வாரேன், வாரேன்!" என்றேன்.

போனுக்குள் உம்மா சத்தம் போட்டுச் சிரித்தாள். "கேட்டியளா? வாரானாம்! இதோ வாரானாம்!" என்று பெரியண்ணனிடம் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்கும் கூவினாள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டேன். இரண்டு கையாலும் ஸ்ட்ரெச்சரைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினேன்.