தபசு காலத்தில் இறங்கிய சட்டி

எங்கள் கிறிஸ்தவத் தெருவில் தபசு காலம் சாம்பலில் தொடங்காது, சட்டியில் தொடங்கும். நெற்றியில் சாம்பல் பூசுகிற விபூதிப் புதனுக்கு முந்தின நாள் வீட்டுக்கு வீடு கறியும் மீனும் ஆக்குகிற மண்சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, பரணில் கவிழ்த்து விடுவார்கள். கவிச்சிச் சட்டி என்று அதற்குப் பெயர். நாற்பது நாள் நோன்பு முடிந்து பாஸ்குத் திருநாள், அதாவது ஈஸ்டர், வரும் வரைக்கும் அது கீழே இறங்காது. முட்டைகூட வீட்டுக்குள் வராது. கவரைப்பேட்டை கறிக்கடை பாய்க்குக் காலண்டரே வேண்டாம். எங்கள் தெரு ஆட்கள் கடைப்பக்கம் வருவது நின்றுவிட்டால் எங்களுக்கு நோன்பு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார்.

நான் ஒருசந்திக்காரி. ஒருசந்தி என்றால் நாளைக்கு ஒரே வேளைச் சோறு, அதுவும் வயிறு நிறைய இல்லை. மற்றவர்கள் புதனும் வெள்ளியும் பிடித்தால் நான் தபசு முழுக்கப் பிடிப்பேன். காரணம் இருந்தது. என் முதல் பிள்ளை ஜன்னி கண்டு போய்விட்டது. இரண்டாவதாகப் பிறந்தவளுக்கும் அதே ஜன்னி வந்தபோது, மாதா சுரூபத்தின் காலடியில் அவளைக் கிடத்தி, இவள் பிழைத்தால் நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் தபசு முழுவதும் ஒருசந்தி பிடிக்கிறேன் என்று பொருத்தனை செய்தேன். அவள் பிழைத்தாள். அதிலிருந்து நான் சாப்பிடாமல் விடுகிற ஒவ்வொரு வேளையும் அவள் உயிருக்குப் போடுகிற முடிச்சு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் மறைப்பானேன். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் முழுத் தபசும் பிடிக்கிற பெண்கள் முன்வரிசையில் வெறுந்தரையில் முழங்கால் போடுவோம். அந்த வரிசையில் முதல் ஆள் நான். செபத்தை எடுத்துச் சொல்லுவதும் என் குரல்தான். பின்னால் நிற்கிறவர்கள் என்னைப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். வயிறு காய்ந்தாலும் மனசு குளிர்ந்துதான் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் ஒரு தபசில் இருமல் வந்தது. சாயங்காலமானால் காய்ச்சலும் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. தபசில் வருகிற நோவை எங்களவர்கள் வெளியே சொல்ல மாட்டோம். தலைவலி, பல்வலி, மாமியார் பேச்சு எல்லாமே சேசுநாதர் பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுக்கிற சரக்கு. நானும் இருமலை ஒப்புக்கொடுத்தேன், காய்ச்சலை ஒப்புக்கொடுத்தேன், ரவிக்கை தொளதொளத்துப் போனதையும் ஒப்புக்கொடுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் செபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது இருமினேன். முந்தானையில் ரத்தம். பக்கத்தில் இருந்த மாமியார் அதைப் பார்த்துவிட்டார். மறுநாள் காலை பாசஞ்சரில் வீட்டுக்காரர் என்னைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

டிபி என்றார் டாக்டர். தினம் ஊசி, கைநிறைய மாத்திரை, தினம் முட்டை, எலும்புச் சாறு.

"சாப்பிடாம ஊசி மட்டும் போட்டுக்கினா பிரயோஜனம் இல்லம்மா. எடை ஏறலன்னா தாம்பரம் டிபி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். அங்க போனா எப்போ திரும்புவீங்கன்னு நான் சொல்ல முடியாது. குழந்தை இருக்குதா? இன்னிக்கே வேற ஊட்டுக்கு அனுப்பிடுங்க."

அன்றைக்கே வீட்டுக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் இருந்த தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். அவர் தோளுக்கு மேலே எட்டி என்னைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி அழுதாள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு உள்ளேயே நின்றேன். எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் வந்தது. அந்தத் தட்டை வேறு யாரும் தொடக் கூடாது.

ஊசி போட்டுக்கொண்டேன், மாத்திரை விழுங்கினேன். ஆனால் ஒருசந்தியை விடவில்லை.

"இன்னாடி, நீ செத்துப்போய் யாருக்கு மோட்சம் வாங்கித் தரப் போற?" என்றார் மாமியார்.

"பொருத்தனை அத்தே. மீறினா புள்ளைக்கு ஆவாது."

அதைக் கேட்டதும் அவரும் என் பக்கம் சாய்ந்துவிட்டார். முதல் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைத்தது அவர்தான். அந்தப் பயம் எனக்கு இருந்த அளவு அவருக்கும் இருந்தது. வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து என்ன பேஜாரு பண்றீங்க" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கோயில் குருவான சாமியாரை அழைத்து வந்தார்.

சாமியார் எங்கள் பங்குக்குப் புதிது. என்னைவிட வயதில் சின்னவர். தெற்கே எங்கோ பிறந்தவர். அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் சைக்கிள் மிதிக்கிற அழகைப் பார்த்து நான் எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன். அன்றைக்கு மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்டார். நான் பொருத்தனையைச் சொன்னேன். மீற முடியாது என்று சொன்னேன்.

"பொருத்தனையை மாத்திக் கொடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு. மாத்திட்டேன். பட்டினிக்குப் பதிலா சாப்பாடு. டாக்டர் சொன்னது அத்தனையும், பெரிய வெள்ளிக்கிழமையும் சேர்த்து. வாசல்ல உட்கார்ந்து சாப்பிடணும்."

"வாசல்லயா? அது எதுக்கு சாமி?"

"உள்ளே வச்சு சாப்பிட்டா பாதியை நாய்க்குப் போட்டிருவீங்க. இதுதான் உங்க பாவத்துக்கு அபராதம்."

மனுஷன் என்னைச் சரியாகத்தான் எடைபோட்டிருந்தார். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"வேற அபராதம் குடுங்க சாமி. செபமாலையில ஐம்பத்திமூன்று மணிச் செபம், முழங்கால்ல நின்னு, ரெண்டு பங்கா சொல்றேன்."

"உங்களுக்குப் பிடிச்சதை நான் எப்படிம்மா அபராதமா கொடுக்கிறது?" என்று சொல்லிவிட்டு ஆசீர்வாதம் கொடுத்து எழுந்து போய்விட்டார்.

நான் கொதித்துப்போய்க் கிடந்தேன். மீசைகூடச் சரியாக முளைக்காத ஒருவர் வந்து என் பிள்ளையின் உயிரில் கை வைக்கிறார் என்று அழுதேன். சாப்பிட்டால் அவளுக்கு என்ன ஆகுமோ என்ற பயம். சாப்பிடாவிட்டால் அவள் தாயில்லாப் பிள்ளையாகப் போவாள் என்பது டாக்டர் சொல்லாமல் சொன்னது. செபமாலையை எடுத்தேன். அதில் தியானிக்கிற துக்க தேவ இரகசியத்தில் முதலாவது, பூங்காவனத்தில் சேசுநாதர் இரத்த வியர்வை சிந்தியது. எத்தனை வருஷமாகச் சொல்லிவருகிறேன். அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. பிதா நீட்டிய அந்தத் துன்பப் பாத்திரம் அவர் ஆசைப்பட்டு எடுத்ததில்லை. வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார், பிறகு குடித்தார். நான் என் கைக்கு அடக்கமாக ஒரு சிலுவையை நானே செய்து வைத்துக்கொண்டு, வேறு எதைக் கொடுத்தாலும் சுமக்க மாட்டேன் என்று நின்றுகொண்டிருந்தேன்.

எழுந்து உட்கார்ந்தேன். "அத்தே, சட்டிய எறக்குங்க."

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நாற்காலி போட்டு ஏறி, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, பரணிலிருந்து சட்டியை இறக்கினார். வீட்டுக்காரர் பாய் கடைக்குப் போனார். "இன்னாப்பா, உங்க நோம்பு அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்று பாய் கேட்டாராம். விஷயத்தைச் சொன்னதும் நல்ல எலும்பாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டாராம்.

வாசலில் உட்கார்ந்து குடித்த முதல் மடக்கு அப்படியே வெளியே வந்துவிட்டது. வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி குடித்தேன். எலும்புச் சாற்றின் வாசனை தெரு முழுக்கப் போனது. என்னோடு முன்வரிசையில் முழங்கால் போடுகிற ஒருத்தி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "செபம் சொன்ன வாயி" என்று என் காதில் விழும்படி சொல்லிக்கொண்டே போனாள். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது என் சுபாவத்துக்குச் சாறு குடிப்பதைவிடக் கஷ்டம்.

மனம் கனிந்தால் கீழ்ப்படிதல் தானாக வரும் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படி வரவில்லை. மாட்டேன், மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் விழுங்கினேன். எனக்குக் கீழ்ப்படிதல் முதலில் தொண்டைக்குத்தான் வந்தது, மனசுக்கு வர வெகுநாள் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவர் தெருமுனையில் திரும்பும்போதே முகத்தைப் பார்ப்பேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விடுவேன். அடுத்த நாள் மறுபடி முட்டை, மறுபடி பயம்.

சேசுநாதர் உயிர்விட்ட பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்ச் சிலுவைப்பாதை தெருவைச் சுற்றி வரும். அவர் பாடுகளை நினைத்து நின்று செபிக்கிற பதினாலு இடங்களில் ஐந்தாம் ஸ்தலம் பரம்பரையாக எங்கள் வீட்டு வாசல். அந்த வருஷம் அடுத்த வீட்டுக்கு மாற்றலாமே என்று சிலர் கேட்டுப் பார்த்தார்கள். சாமியார் மாற்றவில்லை. உச்சிவெயிலில் மரச்சிலுவையைச் சுமந்துகொண்டு ஊரே வந்து நின்றது. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத சனம். நான் மடியில் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் முழங்காலிட்டார்கள், என் மாமியாரும் அந்தக் கூட்டத்தில் முழங்காலிட்டார். ஐந்தாம் ஸ்தலத்தில் சீமோன் என்பவரைப் பிடித்துச் சிலுவையைச் சுமக்க வைக்கிறார்கள். அவர் வழியோடு போனவர், கேட்டு வாங்கவில்லை.

சாமியார் செபத்தை முடித்துவிட்டு நகராமல் நின்றார். என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். கிண்ணத்தைத் தூக்கினேன், அடிவரைக்கும் குடித்தேன், கீழே வைத்தேன். வெட்கத்தில் காது எரிந்தது. அவர் திரும்பி ஆறாம் ஸ்தலத்துக்கு நடந்தார். அவர் அன்று அப்படி நின்றது கொஞ்சம் அதிகம் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

பாஸ்குவுக்குப் பிறகு டாக்டர் தராசில் நிறுத்திப் பார்த்துத் தலையை ஆட்டினார். தாம்பரம் பேச்சு நின்றது. ஊசி நின்றும் மாத்திரை தொடர்ந்தது. மழைக்காலம் போய், கபத்தில் கிருமி இல்லை என்று சொன்ன பிறகு, கிறிஸ்துமஸ் முடிந்து பிள்ளை வீட்டுக்கு வந்தாள். நாத்தனாரைத்தான் அம்மா என்றாள். என்னைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். எனக்கு நெஞ்சு வலித்தது. ஒப்புக்கொடுக்கக்கூடத் தோன்றவில்லை, அழுதேன்.

அடுத்த தபசு நெருங்கியது. நேராகச் சாமியாரிடம் போனேன். கோயில் முற்றத்தில் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, நோய் போயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். இந்தத் தபசுக்கு ஒருசந்தி பிடிக்கட்டுமா?"

"இன்னும் ஒரு வருஷம் போகட்டும். சாப்பிடுங்க" என்றார், டியூபிலிருந்து தலையைத் தூக்காமல்.

வழியெல்லாம் யோசித்து யோசித்து வாதாட நிறைய வைத்திருந்தேன். "சரி சாமி" என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து அது வந்தது எனக்கே உறைத்தது. அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் வீட்டுக்கு நடந்தேன்.

அந்த வருஷம் எங்கள் வீட்டுச் சட்டி பரணுக்கு ஏறவில்லை. விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வாசலில் உட்கார்ந்து அவித்த முட்டையை உரித்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து பிள்ளை எட்டிப் பார்த்தாள். அவள் நெற்றியிலும் சாம்பல். ஒரே தட்டில் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், ஆனாலும் எனக்கு அதுவரை துணிவு வரவில்லை. அவள் மெல்ல மெல்ல வந்து என் தட்டுக்கு எதிரே நின்று வாயைத் திறந்தாள். மஞ்சள் கருவைக் கிள்ளி அவள் வாயில் வைத்தேன். மென்று விழுங்கினாள்.

"இன்னும் குடும்மா" என்றாள்.