எதிர்வீட்டு அக்காவிடம் கேட்கக்கூடாதவை

எங்கள் மதுரைப் பக்கம் ஒருவரைப் பிடித்துவிட்டால் கேள்விதான் கேட்போம். சொந்த ஊர் எது, வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று விசாரிக்காவிட்டால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள். வெளிநாடு வந்து, லிட்கம் அடுக்குமாடியில் எதிர்வீட்டு அக்காவும் தமிழ் என்று தெரிந்ததும் அதே பாசத்தோடு ஆரம்பித்தேன்.

"எந்த ஊருக்கா நீங்க?"

"சிலோன்."

"சிலோன்ல எங்க?"

"வடக்குப் பக்கம்."

"எப்ப வந்தீங்க? இங்கயே தங்குறதுக்கு பி.ஆர். வாங்கிட்டீங்களா?"

"அடுப்பில கறி இருக்கு. பிறகு கதைப்பம்" என்று கதவைச் சாத்திவிட்டார். கறி வாசனை எதுவும் வரவில்லை.

சும்மா வம்புக்காக நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் முதல் ஆஸ்பத்திரியில் எனக்கு மதிய ஷிப்ட். கணவருக்கு மெல்பர்னில் வேலை, சனி ஞாயிறுதான் வருவார். பள்ளிவிட்டு வரும் ஏழு வயது மகளை யாரிடம் விடுவது? அவளுக்கு எதிர்வீட்டு ஆன்ட்டியை ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் சொந்த ஊரைக்கூடச் சொல்லாதவரை நம்பிப் பிள்ளையை எப்படி விட முடியும்?

அதன்பிறகு எல்லாமே உறுத்தியது. எந்நேரமும் ஜன்னல் திரை மூடியே இருந்தது. நான் லிஃப்டில் நின்றால் அக்கா படியில் இறங்கினார். போனில் சொன்னதற்கு, "ஏதாவது போலீஸ் கேஸா இருக்கும், பாத்துக்கோ" என்று கணவர் தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றினார். அக்காவின் வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டுவரச் சொல்லி மகளையும் அனுப்பினேன்.

அன்று மாலையே அக்கா என் கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை.

"தங்கச்சி, உங்களை ஆர் அனுப்பினது?"

"யாரு அனுப்பணும்? என்னக்கா பேசுறீங்க?"

"நீங்க கேக்கிறதெல்லாம் விசா இன்டர்வியூவில கேட்டவை. எந்த ஊர், எப்ப வந்தது, அவர் என்ன வேலை. மொழிபெயர்க்க வந்த பிள்ளையும் உங்களை மாதிரி இந்தியத் தமிழ்தான். சிரிச்சுச் சிரிச்சுத்தான் கேட்டவ. எங்கட அகதி விசாக் கேஸ் இன்னும் முடியேல்லை. இப்ப பிள்ளையையும் விட்டுக் கேக்கிறீங்கள்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னைப் போய் உளவாளி என்கிறாரே! அவர் கை கதவுநிலையை இறுகப் பிடித்திருப்பதைப் பார்த்தபிறகு அந்தக் கோபம் வடிந்துவிட்டது. அவமானமாக இருந்தது.

"பிள்ளையை யார்கிட்ட விடுறதுன்னு தெரியாமத்தான்க்கா கேட்டேன்" என்று ஷிப்ட் மாறும் கதையைச் சொன்னேன்.

அவர் கதவுநிலையிலிருந்து கையை எடுத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை.

"பிள்ளை உறைப்புச் சாப்பிடுவாளோ?" என்றார்.

"காரம் கொஞ்சமா சாப்பிடுவாக்கா."

"அப்ப பள்ளிக்கூடம் விட்டதும் எங்கட வீட்டுக்கு வரச் சொல்லுங்கோ."

உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். இப்போது என் மகள் தினமும் அந்த வீட்டில்தான் சாப்பிடுகிறாள். நான் இன்னும் கேட்கவில்லை.