பனகல் பூங்கா ஓரத்தில் ஆறவைத்த வண்டி

என் சித்தப்பா பத்ரிநாராயணன் புதிதாக எது வாங்கினாலும் பழக்கித்தான் பயன்படுத்துவார். புதுச் செருப்பை ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே போட்டு நடப்பார். புதுப் பேனாவால் முதலில் வெற்றுத்தாளில் கோடு போட்டுக்கொண்டிருப்பார். தி. நகரில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. மயிலாப்பூரிலிருந்து வருடக்கணக்காக பஸ்ஸில் போய்வந்தவர், தொண்ணூற்றைந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை நாற்பதைத் தாண்டக் கூடாது, நடுநடுவே நிறுத்தி இன்ஜினை ஆறவிட வேண்டும் என்று ஷோரூமில் சொல்லி அனுப்பினார்கள். எல்லாருக்கும் சொல்வதுதான், எல்லாரும் நாலு நாளில் மறந்துவிடுவதுதான். சித்தப்பா ‘ரன்னிங் இன்’ என்று தாளில் எழுதி நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒட்டிக்கொண்டார். லஸ் முனை ஆட்டோக்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

“இன்னா நைனா, ஓட்டிக்கினு போறியா, தள்ளிக்கினு போறியா?”

“ஓரம் போ மாமா, பின்னாடி சைக்கிள்காரன் பெல் அடிச்சிக்கினு கீறான்!”

சித்தப்பா கோபப்பட மாட்டார். சித்திதான் பின்னால் உட்கார்ந்து புலம்புவாள். “ஏன்னா, நான் நடந்தே போயிண்டிருப்பேனே!”

“இப்போ அவசரப்பட்டா பின்னாடி இன்ஜின் உழைக்காதுடி.”

அப்போது நான் ஊரில் இல்லை. லடாக், நேபாளம், அஸ்ஸாம் என்று எங்கும் நிலைக்காமல் சுற்றிவிட்டு அடுத்த வருடம்தான் திரும்பினேன். வந்த மறுநாளே வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வண்டிச் சாவியைக் கேட்டேன். மாடிப்படிக்குக் கீழே பழைய போர்வைக்குள் நின்றது வண்டி. தாள் இன்னும் ஒட்டியபடியே இருந்தது. மீட்டர் ஆயிரத்தைத் தொடவில்லை.

“என்ன சித்தப்பா, ஓட்டறதே இல்லையா?”

“நீ எடுத்துண்டு போ. கச்சேரி ரோடு பக்கம் மட்டும் போகாதே.”

ஏன் என்று அன்று சொல்லவில்லை. பிறகு ஒருநாள், சித்தி கோயிலுக்குப் போயிருந்தபோது, செய்தித்தாளை மடித்து மடித்துப் பிரித்தபடி சொன்னார்.

கச்சேரி ரோட்டில் வலியுல்லாவின் தையல் கடை. சித்தப்பாவின் சட்டைகள் எல்லாம் அங்கே தைத்தவைதான். வலியுல்லாவின் மகள் ஃபிசா வங்கித் தேர்வு எழுத விண்ணப்பித்திருந்தாள். அதில் தேறினால் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடுவதாகவும், இல்லாவிட்டால் வந்த வரனுக்குச் சம்மதம் சொல்லிவிடப்போவதாகவும் வலியுல்லா சொல்லியிருந்தார். தேர்வு அசோக் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில். அன்றைக்கென்று பஸ் ஸ்டிரைக். ஆட்டோவும் கிடைக்காமல் வலியுல்லா ஓடிவந்து சித்தப்பாவிடம் நின்றார். சித்தப்பா அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு ஃபிசாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

நாற்பதில்தான்.

“அங்கிள், கொஞ்சம் ஸ்பீடா...” என்று ஆழ்வார்ப்பேட்டையில் ஒரு தடவை கேட்டாளாம். இவர் வண்டியின் பின்னால் ஒட்டியிருந்த தாளைப் பற்றி விளக்கினாராம். தி. நகர் போனதும் இன்ஜின் சுடுவதுபோல் இருந்தது. பனகல் பூங்கா ஓரம் மரநிழலில் வண்டியை நிறுத்தி இறங்கினார். சிலிண்டர்மேல் கை வைத்துப் பார்த்தார்.

“ஆறட்டும்மா. ரெண்டு நிமிஷம்.”

ஃபிசா ஹால்டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் பள்ளிக்கூடத் தெருவில் திரும்பும்போது கேட்டை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் திறக்கவில்லை.

“அதுகூடப் பரவாயில்லை,” என்றார் சித்தப்பா. “ஆத்துக்கு வந்து அவ அப்பாகிட்ட என்ன சொன்னா தெரியுமா? ‘லாரி கவுந்து ஒரே ஜாம்ப்பா, அங்கிள் எவ்ளோ சுத்திப் பாத்தாரு’ன்னா. வலியுல்லா என் ரெண்டு கையையும் பிடிச்சுண்டு தேங்க்ஸ்ங்கறார். நான் வாயே திறக்கலை. அந்தப் பொண்ணு எனக்காகப் பொய் சொல்றது, நான் நின்னு கேட்டுண்டிருக்கேன்.”

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவர் நடக்கவும் இல்லை. சட்டைகளை ரெடிமேடாக வாங்கினார்.

இதை என்னிடம் சொன்ன அடுத்த மாதம் வலியுல்லாவே வீடு தேடி வந்து ஃபிசாவின் நிக்காஹ் பத்திரிகையைக் கொடுத்தார். சித்தப்பா இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. “இந்தத் தடவை சொல்லிடறேன்,” என்று என்னையும் கூட்டிக்கொண்டு ராயப்பேட்டை மண்டபத்துக்கு வந்தார்.

வாசலிலேயே வலியுல்லா கட்டிக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டு, “சம்பந்தி, சொன்னேனே பத்ரி சார், இவருதான். என் பொண்ணுக்காக லீவு போட்டு வண்டி எடுத்தவரு,” என்றார்.

“இல்லை பாய்,” என்றார் சித்தப்பா. காது மடல் சிவந்துவிட்டது. “லாரி எதுவும் கவிழலை. நான்தான் மெதுவா ஓட்டினேன். நடுவுல நிறுத்திட்டேன். புது வண்டி, இன்ஜின் கெட்டுடும்னு.”

வலியுல்லா ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு உரக்கச் சிரித்து, சம்பந்தியின் தோளைத் தட்டினார்.

“பாத்தீங்களா? இன்னும் அதையே மனசுல வெச்சிக்கினு கீறாரு. வயசுப் பொண்ணு பின்னாடி குந்தினு இருந்தா மெதுவாதான் சார் ஓட்டணும்! வாங்க, உங்களுக்குன்னு மயிலாப்பூர் சமையக்காரர வெச்சு தனியா சைவம் செஞ்சிருக்கேன்.”

மேஜையில் இலை போட்டு, அவரே பக்கத்தில் நின்று பரிமாறச் சொன்னார். சித்தப்பா தலையைத் தூக்காமல் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பெண்கள் பக்கத்துத் திரை ஓரத்தில் ஃபிசா ஒருமுறை எட்டிப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

“போதும் பாய்,” என்றார் சித்தப்பா.

“கூச்சப்படாதீங்க சார்,” என்று வலியுல்லா இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னார்.

திரும்பும்போது வண்டியை நான் ஓட்டினேன். கச்சேரி ரோட்டில் திரும்பினேன், அவர் தடுக்கவில்லை. தையல் கடை பூட்டியிருந்தது. நாற்பதில் போய் அதைத் தாண்டும்வரைகூட அவருக்குப் பொறுக்கவில்லை போல. என் முதுகுக்குப் பின்னாலிருந்து, “சீக்கிரம் போயேன்,” என்றார்.