பச்சைக் கோஸ்

என் கணவர் மஞ்சள் காமாலையில் இறந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரைப் புதுச்சேரி முதலியார்பேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் அழவில்லை. கருமாதி அன்றும் அழவில்லை. வைராக்கியமெல்லாம் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்கும் முன் போடுகிற ஊசி உடம்பு முழுக்கப் பரவி நின்றது போல இருந்தது. சோறு வைத்தால் சாப்பிட்டேன். படு என்றால் படுத்தேன். "அவளுக்கு இன்னாடி, கல்லு மாதிரி இருக்கா" என்று குழாயடியில் பெண்கள் பேசியது காதில் விழுந்தது. அதற்கு மேல் உள்ளே போகவில்லை.

நாலு குடித்தனம் இருந்த ஓட்டு வீடு அது. நடுவில் முற்றம், எல்லோருக்கும் ஒரே குழாய். எங்கள் பகுதியில் நானும் என் மாமியாரும் மட்டும். பிள்ளை இல்லை. அவர் பஞ்சாலையில் நூற்புப் பிரிவில் இருந்தவர். அவர் போன பிறகு நான் எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனேன். சோப்பைத் தாளில் சுற்றி, ஓரம் மடித்து, ஒட்டுவது. யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாத வேலை. எனக்கு அது சரியாக இருந்தது.

எதிர்ப் பகுதியில் ஒரு சொல்தா குடும்பம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அவர் புதுச்சேரிக்காரர். மனைவி வியட்நாமியப் பெண், ஐம்பது வயதிருக்கும். சைகோன் விழுந்த வருஷம் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள். அந்த அம்மாளை எல்லோரும் மதாம் என்றோம். புருஷனிடமிருந்து கற்ற தமிழை வெட்டி வெட்டிப் பேசுவார். மொட்டைமாடியில் ஒரு ஜாடியில் நெத்திலியையும் உப்பையும் போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து நுக்மாம் என்று ஒரு மீன் தண்ணீர் எடுப்பார். அந்த வாடைக்காக மற்ற மூன்று குடித்தனங்களும் அவரோடு ஒருமுறையாவது சண்டை போட்டிருக்கிறோம்.

அவர் இறந்த பிறகு வந்த தை மாதம் மதாம் குழாயடிப் பாசியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஒரு நாள் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"பொண்ணு, உன் கை ரெண்டும் சும்மாதான இருக்கு?"

"இன்னிக்கு லீவு மதாம். சும்மாதான் இருக்கு."

"எனக்குக் குடு. நாளைக்கு எங்க வருஷப் பொறப்பு. கோஸ் வெட்டணும்."

மாமியார் உள்ளிருந்து வந்தார். "வருசம் திரும்பல. அதுக்குள்ள விசேஷ வூட்டுக்கு இவ எப்பிடி வருவா?"

"விசேஷம் நாளைக்கு. இன்னிக்குக் கோஸ் மட்டும்தான்" என்றார் மதாம்.

மாமியார் உள்ளே திரும்பிப் போனார். நான் செருப்பு மாட்டாமல் அப்படியே முற்றத்தைக் கடந்து போனேன்.

தரையில் ஒரு மரப்பலகை, அகலமான ஒரு கத்தி, பக்கத்தில் ஐந்து பெரிய முட்டைக்கோஸ். அரிவாள்மணையில் நறுக்கியே பழகியவள் நான். மதாம் எதிரில் உட்கார்ந்து இடது கை விரலால் காட்டினார். "நூலு. நூலு மாதிரி வரணும்." என் கணவர் ஆலையில் நூற்றதும் நூல்தான்; அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நறுக்கினேன். முதல் கோஸ் தடித்தடியாக வந்தது. அதைப் பொரியலுக்கு என்று தள்ளி வைத்துவிட்டார். மூன்றாவதில் கை பழகிவிட்டது.

சொல்தா சைக்கிளில் கோணிச் சாக்கில் ஐஸ்கட்டி கொண்டுவந்தார். உடைத்து அண்டாத் தண்ணீரில் போட்டு, நறுக்கிய கோஸையும் கேரட்டையும் அதில் முக்கினோம். அப்போதுதான் மொறுமொறுவென்று விறைக்குமாம். நான்தான் கையை விட்டு அலசினேன். விரல்கள் மரத்துப்போயின. மற்ற இடமும் அப்படித்தான் இருந்ததால் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

மறுநாள், கலக்க மட்டும்தான் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனேன். எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, பூண்டு, பச்சைமிளகாய், நுக்மாம். கைநிறையப் புதினா. அவித்து நார்நாராகப் பிய்த்த கோழி. வறுத்து ஒன்றிரண்டாக இடித்த வேர்க்கடலை, எங்கள் ஊர் மல்லாட்டை. கலப்பதற்கு முன் மதாம் கொஞ்சம் கோஸைத் தனிக் குண்டானில் எடுத்து வைத்து உப்பும் எலுமிச்சையும் மட்டும் போடச் சொன்னார்.

"இது உனக்கு, உன் மாமியாருக்கு. மீன் இல்ல, கோழி இல்ல."

அந்த வருஷம் நாங்கள் கவிச்சி தொடாமல் இருந்ததை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

சைகோனிலிருந்து வந்த ஏழெட்டுக் குடும்பங்கள் கூடியிருந்தன. தமிழ், பிரெஞ்சு, அவர்கள் பாஷை என்று மூன்றும் கலந்து கூச்சல். நான் அடுப்படி நிலையருகே நின்றேன். புதிதாக வந்த ஒரு பெண் சிரித்தபடி கேட்டாள், "உங்க வீட்டுக்காரர் எங்க வேலை செய்றார்?"

"செத்துட்டாரு" என்றேன். கத்தரிக்காய் விலை சொல்வது போல வந்தது.

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. மதாம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவ தட்டுல கோஸ் இல்ல பாரு. போடு" என்றார்.

போட்டார்கள். சாப்பிட்டேன். சுற்றிலும் எல்லோர் வாயிலும் கறுக்கு முறுக்கென்று சத்தம். என் வாயிலிருந்து வந்த சத்தம் என் காதுக்குள்ளேயே பெரிதாகக் கேட்டது. மென்று முடிக்கும்வரை வேறெதுவும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

பாத்திரம் கழுவும்போது மதாம் சொன்னார், "என் பெரிய பொண்ணு அங்கியே நின்னுட்டா. உயிரோட இருக்காளா தெரியாது."

எனக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. "அண்டாவ எங்க வைக்கணும் மதாம்?" என்றேன். வெயிலில் கவிழ்த்து வைக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு நானே வீட்டில் செய்ய ஆரம்பித்தேன். கம்பெனிக்குத் தூக்குச் சட்டியில் கொண்டுபோனேன். "இன்னாக்கா, மாட்டுக்குப் போடறத நமக்குக் கொண்டாந்துட்ட" என்று சிரித்த பெண்களே தூக்கைக் காலி செய்தார்கள். நாளடைவில் சனிக்கிழமைதோறும் அது எங்கள் பங்குச் சாப்பாடாகிவிட்டது. ஒருத்தி கோஸ், ஒருத்தி மல்லாட்டை, ஒருத்தி கேரட். எலுமிச்சையும் உப்பும் கலந்த சாறு மட்டும் நான் பாட்டிலில் கொண்டுபோவேன். சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் ஊற்றிக் கலப்போம்.

ஒரு சனிக்கிழமை ஒரு பெண், வேலை மிச்சம் என்று நினைத்து, காலையிலேயே சாற்றை ஊற்றிக் கலந்து மூடி வைத்துவிட்டாள். மதியம் மூடியைத் திறந்தால் கோஸ் துவண்டு தண்ணீரில் கிடந்தது.

"எவ ஊத்தனது?" என்று கத்தினேன். "மணி அடிக்கிற வரைக்கும் பொறுக்க முடியாதா? யாரக் கேட்டு ஊத்தன?"

பக்கத்துப் பிரிவில் மெஷின் ஓட்டுகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகியது. அந்தப் பெண் அழுதுவிட்டாள்.

"ஒரு கோசுக்காடி இப்பிடி?" என்றாள் வயதில் மூத்த ஒருத்தி.

"ஆமா, கோசுக்குத்தான்."

துவண்ட கோஸை எல்லோரும் சாப்பிட்டோம். சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது, இன்று நான் கோபப்பட்டிருக்கிறேன் என்று. அவர் இறந்து ஒன்றரை வருஷத்தில் எனக்கு முதலில் திரும்பி வந்தது அதுதான். துக்கம் வர இன்னும் நாளானது. வந்தபோதும் வெள்ளமாக வரவில்லை, கசிந்தது. திங்கட்கிழமை அந்தப் பெண்ணுக்குப் பூ வாங்கிக்கொண்டு போனேன். வைத்துக்கொண்டாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை மதாம் குழாயடிக்கு வந்து, யாருக்கென்றில்லாமல் பொதுவாகச் சொன்னார், "கடுதாசி வந்துது. பெரிய பொண்ணு உயிரோட இருக்கா. ரெண்டு புள்ள." வாளி நிரம்பியதும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சந்தோஷப்படுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அந்த முகம் நன்றாகப் புரிந்தது.

அடுத்த வருஷம் அவர்கள் பிரான்சுக்குப் போனார்கள். அங்கே இருந்த மகன் கூப்பிட்டுக்கொண்டான். வாசலில் டாக்சி நின்றது. ஜாடி வாடைக்காக அதிகம் சண்டை போட்ட என் மாமியார்தான் மதாமைக் கட்டிக்கொண்டு தெருவே பார்க்க ஒப்பாரி வைத்தார். மதாம் அவர் முதுகைத் தட்டியபடி என்னைப் பார்த்தார். நான் டாக்சிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கை பத்திரம் மதாம்" என்றேன். தலையாட்டினார்.

டாக்சி திரும்பியதும் மாமியார் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு பேருக்கும் சேத்து நானே அழுதுட்டேன். நீ உள்ள போய் உலைய வை" என்றார்.

உள்ளே போய் உலை வைத்தேன். அடுத்த மாதம் அந்தப் பகுதிக்கு ஒரு தையல்காரர் குடும்பம் குடிவந்தது.