பறவையைத் தர மாட்டேன்

சென்ற ஆண்டு மாசி மாதம், கோவையின் கிழக்குப் பக்கம் எங்கள் வீட்டுக்கு அருகே உள்ள குளத்தில் நடந்தது இது. நான் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னார். குளக்கரையில் நடக்கப் போனவள் பறவைகள் மேல் பைத்தியமாகி, மகளிடம் கேட்டு ஒரு பைனாகுலரும் வாங்கிக்கொண்டேன். இந்த வயதில் வாத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். நான் கண்டுகொள்வதில்லை.

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்துகள் வெயில் ஏறத் தொடங்கியதும் கிளம்பிவிடும். அதற்குள் ஆசைதீரப் பார்த்துவிட வேண்டும் என்று அன்று விடிந்ததுமே போனேன். நடைப்பயிற்சிக்காரர்கள் அதிகம் வராத, கோரை மண்டிய மறுகோடி. தண்ணீரோரம் படபடவென்று சத்தம். இரண்டு கழிகளுக்கு நடுவே கண்ணுக்கே தெரியாத மெல்லிய நைலான் வலை. அதில் ஓர் ஊசிவால் வாத்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினேன். முந்தானையால் அதன் தலையை மூடினேன். நாள் முழுக்க நூலைப் பல்லால் கடித்து அறுப்பவளுக்கு வலை எம்மாத்திரம்? கடித்துக் கடித்தே அறுத்துவிட்டேன். வாத்தை நெஞ்சோடு அணைத்துக் கரையேறினால், எதிரே பைக்கில் இருவர்.

"ஏனுங்கம்மணி, அது எங்க வலைங்க. பறவைய வெச்சுப்போட்டுப் போங்க" என்றான் ஒருவன். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"தர மாட்டேனுங்க" என்றேன்.

இன்னொருவன் இறங்கி வந்து, என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரை உருவித் தண்ணீரில் வீசினான். "உங்க ஊடு எந்த வீதின்னு தெரியுமுங்க" என்றான் மெதுவாக.

ஓட முடியாது, ஓடினாலும் எட்டிப் பிடித்துவிடுவார்கள். வாத்தை மடியில் வைத்துக்கொண்டு கரைப் பாதையின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"தெரிஞ்சா வாங்க. காபி வெச்சுத் தாரேன். பறவையத் தர மாட்டேன்!"

கடைசிச் சொல்லைக் குளமே கேட்கும்படி கத்தினேன். தூரத்தில் நடந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தினமும் பார்த்துச் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். "என்னாச்சுங்க அக்கா?" என்று கேட்ட ஒருத்தி, மடியில் இருந்த வாத்தையும் அந்த ஆட்களையும் பார்த்தாள். பதிலுக்குக் காத்திராமல் என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மற்றவள் செல்போனை எடுத்து அவர்களை வீடியோ எடுக்க ஆரம்பித்தாள். அந்த ஆட்கள் முகத்தை மறைத்துக்கொண்டு, வலையை அப்படியே விட்டுவிட்டுப் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

தகவல் கொடுத்ததும் வனத்துறையினர் வந்து வலையை எடுத்தார்கள். இறக்கையைச் சோதித்துவிட்டு, காயம் பெரிதில்லை என்றார்கள். தண்ணீரில் விட்டதும் வாத்து சற்று நேரம் திகைத்து நின்றது. பிறகு ஒரே எம்பலில் பறந்து கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

விஷயம் தெரிந்து ஓடிவந்த வீட்டுக்காரர், வனத்துறைக்குக் கொடுக்கும் புகாரில் என் பெயர் வேண்டாம் என்று கெஞ்சினார். சொந்தக்காரர்கள் போன் மேல் போன் போட்டு, பொம்பளைக்கு எதற்கு இந்த வம்பு என்றார்கள். முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த இருவரும் பிடிபட்டதாக இன்றுவரை தகவல் இல்லை. சேற்றிலிருந்து எடுத்த பைனாகுலரும் பிறகு உருப்படவில்லை.

ஆனாலும் மறுநாள் காலை அதே இடத்துக்குப் போனேன், வெறுங்கண்ணால் பார்க்க. பயமாகத்தான் இருந்தது. இன்றும் அந்தப் பக்கம் பைக் சத்தம் கேட்டால் பயம் வரத்தான் செய்கிறது. பயம் போகட்டும் என்று காத்திருந்தால் வீட்டைவிட்டே வெளியே வந்திருக்க மாட்டேன். பயத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.